சிட்டையில் ஏறாத சரக்கு: ஜோட்டெரோவுடன் இரண்டு ஆண்டுகள்

"இது எந்தக் கோப்பு?"

முதல் இயலின் வரைவில், 17ஆம் பக்கத்தின் ஓரத்தில், என் நெறியாளர் பென்சிலால் இப்படி எழுதியிருந்தார். சிம்லாவுக்கும் டெல்லிக்கும் ஆண்டுதோறும் மூட்டை முடிச்சோடு இடம் மாறிக்கொண்டிருந்த அரசாங்கக் குமாஸ்தாக்களைப் பற்றியது என் ஆய்வு. அவர்களில் மதராஸ் மாகாணத்துக்காரர்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பக்கத்தில் ஒரு குமாஸ்தாவின் விடுப்பு மனுவை மேற்கோள் காட்டியிருந்தேன். மனு என் நோட்டில் வார்த்தைக்கு வார்த்தை இருந்தது. கோப்பு எண் இல்லை. துறை, கிளை, ஆண்டு எதுவும் இல்லை.

ஜன்பத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குத் திரும்பப் போனேன். முனிர்காவில் மெட்ரோ ஏறி, ஹவுஸ் காஸில் மாறி, சென்ட்ரல் செக்ரடேரியட்டில் இறங்கி, ஒன்பது நாள். ஒன்பதாம் நாள் மதியம் அந்த மனு கிடைத்தது. நிம்மதியோடு நோட்டை முதலிலிருந்து புரட்டினால், இதே மாதிரி எங்கிருந்து எடுத்தேன் என்று தெரியாத குறிப்புகள் இன்னும் 63 இருந்தன.

அன்று இரவு அப்பாவிடம் போனில் சொல்லி அழுதேன். அவர் விருதுநகரில் ஒரு பருப்பு மண்டியில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர். "சிட்டையில ஏத்தாமயா சரக்கை உள்ள எடுத்த?" என்று மட்டும் கேட்டார். லாரி வாசலில் நிற்கும்போதே யார் அனுப்பியது, எத்தனை மூட்டை, என்ன தேதி என்று சிட்டையில் ஏறிவிட வேண்டும். பேரேடெல்லாம் அப்புறம்தான். கிட்டங்கிக்குள் போய் அடுக்கிய பிறகு எல்லா மூட்டையும் ஒன்று போலத்தான் தெரியும்.

நான் ஜோட்டெரோவைப் பயன்படுத்தத் தொடங்கியது அந்த வாரத்தில். தமிழ் மூலங்களை வைத்து ஆய்வு செய்கிறவர்கள் இதைப் பற்றித் தமிழிலேயே படிக்க வேண்டும் என்று நினைத்துதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். நம் பெயரும் நம் ஆண்டுக் கணக்கும் இதற்குள் எப்படி உட்காரும் என்பதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: நாம் படிக்கும் நூல், கட்டுரை, ஆவணம் ஒவ்வொன்றின் விவரத்தையும் சேர்த்து வைத்து, எழுதும்போது அடிக்குறிப்பையும் நூற்பட்டியலையும் தானே போட்டுத்தரும் இலவச மென்பொருள் இது. 2006இல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில், வரலாற்றுக்கும் புதிய ஊடகத்துக்குமான ஆய்வு மையத்தில் உருவானது. வரலாற்றுக்காரர்கள் தங்கள் தேவைக்காகச் செய்துகொண்ட கருவி என்பது அதைத் திறந்தவுடனே தெரியும்; ஆவணக் காப்பகத்தின் பெயருக்கும், அங்கே அந்தக் கோப்பு இருக்கும் இடத்துக்கும் தனித்தனிக் கட்டம் வைத்திருக்கிறார்கள். முதலில் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் ஒட்டுநிரலாக வந்தது, இப்போது தனி மென்பொருள். லாப நோக்கமில்லாத அமைப்பு ஒன்று நடத்துகிறது. மூல நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. தேர்ந்து கைவசப்படுத்துவது என்று பொருள்படும் ஓர் அல்பேனியச் சொல்லிலிருந்து பெயரை எடுத்தார்களாம்.

நிறுவுவது எளிது, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. உலாவியில் ஒரு பொத்தான் வந்து உட்காரும். கட்டுரைப் பக்கத்தில் அதை அழுத்தினால் ஆசிரியர், தலைப்பு, இதழ், ஆண்டு எல்லாம் உள்ளே வந்துவிடும். கிடைத்தால் பிடிஎஃப்பும் சேர்ந்து வரும். புத்தகமென்றால் மந்திரக்கோல் படம் போட்ட பொத்தானில் ஐஎஸ்பிஎன் எண்ணைக் கொடுத்தால் போதும். இப்படி உள்ளே வந்த விவரத்தை அப்படியே நம்பக் கூடாது. தமிழ் நூல்களுக்கு நிச்சயமாகக் கூடாது.

ஏன் என்பது பெயர்களில் இருக்கிறது. ஜோட்டெரோ பெயருக்கு இரண்டு கட்டம் தருகிறது: கடைசிப் பெயர், முதற்பெயர். நமக்குக் கடைசிப் பெயர் என்று ஒன்று கிடையாதே! முன்னால் நிற்பது அப்பாவின் பெயரோ ஊரின் பெயரோ, பின்னால் நிற்பது நம் பெயர். மறைமலையடிகளை ஆங்கில எழுத்தில் இரண்டு சொல்லாகப் பிரித்து எழுதிய ஒரு பட்டியலிலிருந்து இழுத்தால், 'அடிகள்' குடும்பப் பெயராகி, நூற்பட்டியலில் 'அடிகள், மறைமலை' என்று அகர வரிசையின் தொடக்கத்தில் போய் நிற்பார். உ.வே. சாமிநாதையர் ஓரிடத்தில் ஐயர் என்று இருப்பார், இன்னோரிடத்தில் சாமிநாத ஐயர் என்று. எஸ். வையாபுரிப் பிள்ளைக்கும் இதே கதிதான். ஒரே அறிஞர் உங்கள் நூற்பட்டியலில் இரண்டு பேராகி, 'ஐ'யில் ஒருவரும் 'சா'வில் ஒருவரும் நின்றால், ஆய்வேட்டைப் படிக்கும் புறத் தேர்வாளர் நீங்கள் மூலத்தைத் திறந்தே பார்க்கவில்லை என்றுதான் நினைப்பார். நான் அவரிடத்தில் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்.

தீர்வு மிகச் சிறியது. பெயர்க் கட்டத்தின் பக்கத்தில் ஒரு சின்னக் குறி இருக்கிறது. அதை அழுத்தினால் இரண்டு கட்டம் ஒன்றாகிவிடும். மறைமலையடிகள் போன்ற தனிப் பெயர்களை அதில் முழுதாக எழுதிவிடுங்கள். தலைப்பெழுத்து உள்ளவர்களுக்கு இரண்டு கட்டத்தையே வைத்துக்கொண்டு, அவருடைய சொந்தப் பெயரைக் கடைசிப் பெயர் கட்டத்திலும், தலைப்பெழுத்தை முதற்பெயர் கட்டத்திலும் போடுங்கள். 'சாமிநாதையர், உ.வே.' என்று வரும், நம் நூலகங்களில் பழகிய அதே வரிசை. சாதிப் பின்னொட்டைப் பிரிப்பதா சேர்ப்பதா என்று முதல் நாளே முடிவெடுத்து ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். நான் எல்லாவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன். அந்தத் தாள் என் மேசைக்கு மேலே இன்றும் இருக்கிறது.

இதில் எனக்குத் தனிப்பட்ட வருத்தமும் உண்டு. இரண்டு ஆண்டுக்கு முன்பு ஓர் ஆங்கில இதழில் என் முதல் புத்தக மதிப்புரை வந்தது. படிவத்தில் கடைசிப் பெயரைக் கேட்டார்கள், அப்பாவின் பெயரைக் கொடுத்தேன். அச்சில் வந்தபோது அவர் பெயர் முழுதாக நிற்க, என் பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கியிருந்தது. அப்பாவுக்குப் பெருமைதான், பக்கத்துக் கடைக்காரர்களுக்கெல்லாம் காட்டினாராம். ஆனால் அதைத் திருத்தித் தரும்படி நான் எழுதிய மூன்று மின்னஞ்சலுக்கும் பதில் வரவில்லை. முதல் கட்டுரை அனுப்பும் முன்பே உங்கள் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று தீர்மானித்து, ஆர்சிட் எண் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 16 இலக்க அடையாள எண் அது, இலவசம்தான். பெயர் எப்படி மாறி அச்சானாலும் அந்த எண்ணை வைத்து அது உங்கள் எழுத்து என்று காட்ட முடியும்.

அடுத்தது ஆண்டு. பழைய தமிழ் நூல்களின் முகப்பில் பெரும்பாலும் தமிழ் வருஷப் பெயரும் மாதமும் இருக்கும். 'பிரமோதூத வருஷம், மாசி மாதம்' என்று ஒரு சிறு வெளியீட்டில் பார்த்தேன். பிரமோதூத என்றால் 1930 என்று போட்டுவிடத் தோன்றும். அந்த வருஷம் 1930 ஏப்ரல் நடுவில் பிறக்கிறது. அதன் மாசி மாதம் வருவது 1931 பிப்ரவரி, மார்ச்சில். புது டெல்லியின் திறப்பு விழா நடந்ததும் 1931 பிப்ரவரியில். என் ஆய்வுக்கு இந்த ஒரு வருஷ வித்தியாசம் உயிர்நாடி: புதிய தலைநகர் திறந்த சமயத்தில் எழுதியதா, அதற்கு ஓராண்டு முன்பா? நான் தேதிக் கட்டத்தில் ஆங்கில ஆண்டைப் போட்டுவிட்டு, 'எக்ஸ்ட்ரா' என்ற கட்டத்தில் முகப்பில் உள்ளதை உள்ளபடி தமிழில் எழுதி வைக்கிறேன். என் கணக்கு தப்பாக இருந்தாலும் பிறகு வருகிறவர் சரி பார்த்துக்கொள்ளலாம்.

மொழிக் கட்டத்தையும் விடாதீர்கள். தமிழ்த் தலைப்பை ஆங்கில எழுத்தில் எழுதும்போது, மொழிக் கட்டம் காலியாக இருந்தால், சிகாகோ போன்ற அடிக்குறிப்பு நடைகள் அதை ஆங்கிலமென்று எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் பெரியதாக்கிவிடும். தமிழுக்கான 'டிஏ' என்ற இரண்டெழுத்துக் குறியீட்டைப் போட்டால் நாம் எழுதியபடியே விட்டுவிடும். நான் ஏறத்தாழ 200 தலைப்புகளைக் கையால் திருத்திய பிறகுதான் இது தெரிய வந்தது.

இனி இந்த மென்பொருளில் எனக்கு மிகவும் பிடித்ததைச் சொல்கிறேன். 2022இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து பிடிஎஃப்பை உள்ளேயே திறந்து படிக்கலாம், வண்ணம் பூசலாம், ஓரத்தில் எழுதலாம். பூசிய வரிகளையெல்லாம் ஒரே சொடுக்கில் குறிப்பாக மாற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு வரியோடும் பக்க எண்ணும் மூலமும் ஒட்டிக்கொண்டே வரும். அந்தக் குறிப்பை வேர்டில் உள்ள ஜோட்டெரோ பட்டையின் 'ஆட் நோட்' பொத்தானால் சேர்த்தால் அடிக்குறிப்பும் கூடவே வந்துவிடும். மஞ்சள் அவர்கள் சொன்னதற்கு, பச்சை எனக்குத் தோன்றியதற்கு என்று வைத்திருக்கிறேன். இந்த மஞ்சள், பச்சைப் பிரிவு எவ்வளவு பெரிய விஷயம் என்பது எழுதும்போதுதான் தெரிகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி ஆய்வேட்டில் பிற எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டினால் நடவடிக்கை தொடங்குகிறது, 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. இரண்டு கிரெடிட் கொண்ட ஆய்வு நெறிப் பாடத்தில் இதையெல்லாம் படித்தோம். திருட வேண்டும் என்று நினைத்து யாரும் திருடுவதில்லை என்பது என் எண்ணம். ஆறு மாதம் கழித்து நோட்டைப் பார்க்கும்போது எந்த வரி நம்முடையது, எது அவருடையது என்று தெரியாமல் போகிறது. அங்கேதான் விபத்து.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும்: பிடிஎஃப்பின் பக்க எண்ணும் அச்சுப் பக்க எண்ணும் வேறாக இருக்கலாம். பூசிய வரியின் பக்க எண்ணை வலது சொடுக்கில் திருத்த வழி உண்டு. முதல் பக்கத்திலேயே சரிபார்த்துவிட்டுப் படிக்கத் தொடங்குங்கள்.

என்னோடு தங்கியிருக்கும் நாகர்கோவில் தோழி உயிரியல் ஆய்வாளர். அவளுக்கு வேறொரு காரணத்துக்காக இது பிடிக்கும். நம் சேகரிப்பில் உள்ள கட்டுரை தவறானது என்று பின்னால் இதழால் திரும்பப் பெறப்பட்டால் ஜோட்டெரோ சிவப்புப் பட்டையில் எச்சரிக்கும். 2019 முதல் இந்த வசதி இருக்கிறது. போன மழைக்காலத்தில் அவள் இயலின் நடுவில் தாங்கி நின்ற ஒரு கட்டுரைக்கு அப்படிச் சிவப்புப் பட்டை வந்தது. இரண்டு நாள் சாப்பிடாமல் உட்கார்ந்து அந்தப் பகுதியைத் திருத்தினாள். ஆய்வேட்டைக் கொடுத்த பிறகு தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

குறைகளும் உண்டு. ஒரே பதிவுக்குள் தமிழ் எழுத்தில் ஒரு தலைப்பு, ஆங்கில எழுத்தில் ஒரு தலைப்பு என்று இரண்டையும் வைத்துக்கொள்ள இதில் முறையான இடம் கிடையாது. ஆங்கில ஆய்வேட்டில் ஒன்றும் தமிழ்க் கட்டுரையில் மற்றதும் வரவேண்டுமென்றால் இரண்டு பதிவு போட வேண்டியிருக்கிறது. எனக்கு இதுதான் பெரிய குறை. அப்புறம், படமாக வருடிய பழைய தமிழ் நூல்களுக்குள் சொல் தேட முடியாது. எழுத்துணரி இதில் இல்லை. டெசராக்ட் என்ற இலவசக் கருவி தமிழ் எழுத்தைப் படிக்கும். அதில் ஓட்டிய பிறகு உள்ளே போடுகிறேன். பழைய அச்சு மங்கலாக இருந்தால் பிழைகள் வரத்தான் செய்யும், ஆனாலும் 'குமாஸ்தா' என்று தேடினால் கிடைத்துவிடுகிறது. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் செய்த பிடிஎஃப்கள் பார்க்கத் தமிழாக இருக்கும், தேடினால் ஒன்றும் கிடைக்காது. அவற்றையும் இதே வழியில் கொண்டுபோக வேண்டும்.

செலவைப் பற்றி. மென்பொருள் முழுக்க இலவசம். பதிவுகளை எத்தனை கணினியில் வேண்டுமானாலும் ஒத்திசைக்கலாம், அதற்கும் காசில்லை. பிடிஎஃப்களை அவர்களுடைய சேமிப்பில் வைக்க 300 எம்பி வரை இலவசம். வருடிய தமிழ் நூல்கள் பத்துப் பதினைந்து போட்டாலே அது தீர்ந்துவிடும். ஆண்டுக்கு 20 டாலர் கட்டினால் 2 ஜிபி, 60 டாலருக்கு 6 ஜிபி. உதவித்தொகையில் வாழ்கிறவர்களுக்கு, அதிலும் 'நெட்' தகுதித் தேர்வு வழியான உதவித்தொகை இல்லாமல் மாதம் 8,000 ரூபாயில் டெல்லியில் வாடகை கொடுத்து இருப்பவர்களுக்கு, 20 டாலரும் யோசிக்க வேண்டிய தொகைதான். நான் கட்டவில்லை. ஒத்திசைவைப் பதிவுகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, முழுத் தரவுக் கோப்புறையையும் ஞாயிறுதோறும் வெளி வட்டு ஒன்றில் நகல் எடுக்கிறேன். அந்தக் கோப்புறையையே இணையச் சேமிப்புக் கோப்புறைக்குள் கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள். நான் செய்தேன். ஒருநாள் காலையில் தரவுத்தளம் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எடுத்த நகல் இருந்ததால் நான்கு நாள் வேலையோடு போயிற்று. இப்படி வைக்க வேண்டாம் என்று ஜோட்டெரோவின் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. நான் படிக்காமல் விட்டது என் தவறு.

இதைக் கற்றுக்கொடுக்கக் கட்டணப் பயிலரங்குகள் நடக்கின்றன. ஒன்றில் 2,500 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன், இரண்டு நாள் இணையவழி. எந்தப் பொத்தான் எதற்கு என்று காட்டினார்கள். சான்றிதழ் வந்தது. பெயர்க் கட்டத்தைப் பற்றிக் கேட்டேன், ஆவணக் காப்பகக் கோப்பை எந்த வகையில் ஏற்றுவது என்று கேட்டேன். கேள்விகளைக் கடைசியில் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள், கடைசியில் நேரமில்லை. அந்தப் பணத்தை அங்கே கொடுக்காதீர்கள். மென்பொருளின் சொந்தக் கையேடு தெளிவாக இருக்கிறது, அதோடு உங்கள் துறையில் ஏற்கெனவே பயன்படுத்தும் ஒருவரின் பக்கத்தில் ஒரு மாலை உட்கார்ந்தால் போதும். கோப்புகளுக்கு 'மேனுஸ்கிரிப்ட்' வகையை எடுத்துக்கொள்ளுங்கள். துறை, கிளை, கோப்பு எண், ஆண்டு இந்த வரிசையில் இருப்பிடக் கட்டத்தில் எழுதுங்கள். கோரிக்கைச் சீட்டு எழுதும்போதே பதிவையும் போட்டுவிடுங்கள். கோப்பு மேசைக்கு வந்து சேரும் முன்பே பதிவு தயாராக இருக்கும்.

நாங்கள் ஐந்து பேர், எல்லாரும் தமிழ் மூலங்களோடு வேலை செய்கிறவர்கள், ஒரு கூட்டுச் சேகரிப்பு வைத்திருக்கிறோம். அதற்குப் 'பேரேடு' என்று பெயர் வைத்தோம். மாதம் ஒரு ஞாயிறு ஆர்.கே. புரத்தில் ஒருவர் வீட்டில் கூடி, புதிதாக வந்த பதிவுகளைத் திருத்துவோம். போன மாதம் திண்டுக்கல் தம்பி ஒருவன் வந்தான், சமூகவியலில் முதலாண்டு. செயற்கை நுண்ணறிவு இயந்திரத்திடம் கேட்டு வாங்கிய 14 மூலங்களின் பட்டியலைக் கையில் வைத்திருந்தான். "அக்கா, இதை அப்படியே உள்ளே ஏத்திடலாமா?" என்றான். ஒவ்வொன்றின் டிஓஐ எண்ணையும் (இணையத்தில் ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள நிரந்தர அடையாள எண்) மந்திரக்கோல் பொத்தானில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். ஐந்துக்கு எதுவும் வரவில்லை. மூன்றுக்கு வேறு யாரோ எழுதிய வேறு கட்டுரை வந்தது. தம்பிக்கு முகம் விழுந்துவிட்டது. மீதி ஆறையும் திறந்து படித்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்று சொல்லி, சாம்பார் சாதம் போட்டு அனுப்பினோம்.

நடை மாற்றுவது, கட்டுரையை ஓர் இதழ் மறுத்தால் இன்னோர் இதழுக்கேற்ப அடிக்குறிப்புகளை ஒரே சொடுக்கில் மாற்றிக்கொள்வது, 'மை பப்ளிகேஷன்ஸ்' பகுதியில் நம் எழுத்துகளைச் சேர்த்துவைத்து விண்ணப்பங்களுக்குப் பட்டியல் எடுப்பது, இவையெல்லாம் சொன்னபடி வேலை செய்கின்றன. 10,000க்கும் மேற்பட்ட நடைகள் உள்ளன. தமிழ் இதழ்களின் நடை ஒன்றுகூட நான் தேடியபோது தென்படவில்லை. எங்கள் ஐவரில் ஒருவர் அப்படி ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறார்.

என் சேகரிப்பில் இன்று 1,140 பதிவுகள் இருக்கின்றன. பழைய நோட்டின் 63 அனாதைக் குறிப்புகளில் 52க்கு இடம் கண்டுபிடித்துவிட்டேன், நான்கைத் தீன்மூர்த்தி நூலகத்தின் நுண்படச் சுருள்களில். மிச்சம் 11ஐ 'ஊர் தெரியாதவை' என்ற தனி அடுக்கில் வைத்திருக்கிறேன். அவற்றில் ஒன்று, மனைவியின் பிரசவத்துக்காகத் தஞ்சாவூர் போக இருபது நாள் விடுப்பு கேட்கும் மனு. விடுப்பு கிடைத்ததா என்று எனக்குத் தெரிய வேண்டும். வியாழக்கிழமை ஜன்பத்துக்குப் போகிறேன்.